ஞாயிற்றுக்கிழமைச் சாவு

எழுபதுகளின் தொடக்கத்தில் பாப்பாரப்பட்டிக்கு அப்பால் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தேன். தலைமை ஆசிரியர் தருமபுரியிலிருந்து பஸ்ஸில் வந்து பஸ்ஸிலேயே போய்விடுவார். நான் உள்ளூரில் குடியிருந்தேன். ஆகவே ஊருக்குச் சொந்தம். மனு எழுதவும் கடிதம் படிக்கவும் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கவும் என் கதவைத்தான் தட்டுவார்கள்.

பள்ளிக்கு நிலம் கொடுத்தவர் ஊரின் பெரிய பண்ணைக்காரர். நிலத்தை அரசுக்குக் கொடுத்துவிட்டு வாத்தியாரை எடுத்துக்கொண்டார். பார்வை மங்கிவிட்டதால் பள்ளி விட்டதும் நான் போய் அவருக்குச் செய்தித்தாள் படிக்க வேண்டும். ஏல அறிவிப்புகளைக்கூட விடக்கூடாது.

எனக்கென்று இருந்தது ஞாயிறு மட்டும். முதல் பஸ்ஸில் தருமபுரி போய், பஸ் நிலையத்து ஓட்டலில் தோசை சாப்பிட்டு, பொழுது சாயும்வரை யாரும் 'வாத்தியாரே' என்று கூப்பிடாத தெருக்களில் நடப்பேன். அதுதான் என் மூச்சு.

மார்கழியில் பெரியவர் படுத்துவிட்டார். அந்தக் குடும்பத்தில் சாவு விழுந்தால் பள்ளிக்கு விடுமுறை என்பது ஊர் வழக்கம். மருத்துவர் கைவிட்டதும் தலைமை ஆசிரியருக்கு முகம் மலர்ந்தது.

"வியாழக்கிழமை ராத்திரி போனாருன்னா வெள்ளி, சனி, ஞாயிறு. எப்படி சார்?"

"உள்ளூர் விடுமுறைக்கு ஈடாக இன்னொரு சனிக்கிழமை வேலை செய்யணும் சார். விதி இருக்கு."

"உம்ம வாயில நல்ல வார்த்தையே வராதாய்யா?"

எனக்கும் அந்த ஆசை இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு: அவர் போய்விட்டால் மாலைகளும் எனக்குத் திரும்பும். பெரியவருக்கு அது தெரிந்திருந்தது. ஒருநாள் படித்துக்கொண்டிருக்கும்போது நிறுத்தச் சொன்னார்.

"நான் செத்தாத்தான உங்களுக்கு லீவு வாத்தியாரே?"

"அப்படியெல்லாம் இல்லீங்க ஐயா."

"அப்ப அந்த ஏலத்தை இன்னொருக்கா படிங்க."

வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. சனி மாலையும் அவர் கஞ்சி கேட்டுக் குடித்தார். ஞாயிறு காலை நான் ஓட்டலில் இரண்டாவது தோசையைப் பிட்டபோது எதிரே வந்து நின்றார் தலைமை ஆசிரியர். பின்னால், ஊர் ஊராகத் துக்கம் சொல்லப் புறப்பட்ட பண்ணையாள்.

"எந்திரிங்க சார். விடியக்காலம் போயிட்டாராம். கணக்கா ஞாயித்துக்கிழமை பாத்துப் போயிருக்காருய்யா!"

நான் அங்கே இருப்பது எப்படித் தெரியும் என்று பண்ணையாளைக் கேட்டேன்.

"பெரியவருதானுங்க நேத்து சொன்னாரு. 'நாளைக்கு எனக்கு எதுனா ஆச்சுன்னா வாத்தியாரு ஊர்ல இருக்கமாட்டாரு, தருமபுரி பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல பாருங்கடா'ன்னாருங்க."

தோசையை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினோம். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைத் திரட்டி, கையில் பூக் கொடுத்து, சுடுகாடு வரை இரண்டு வரிசையாக நடத்திப்போனோம். பசி தாளாமல் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தது. "வாத்தியாரு பிள்ளைங்களைச் சரியாப் பாத்துக்கலை" என்று ஒரு பெண் சொன்னாள். அப்போதும் கூட்டத்தில் நாலைந்து பேர் என்னை 'வாத்தியாரே' என்று கூப்பிட்டுத் தண்ணீர் எங்கே, பந்தல் கயிறு எங்கே என்று கேட்டார்கள்.

திங்கள் காலை பள்ளிக்கு வந்ததும், இன்று விடுமுறை உண்டா என்று கேட்டேன்.

"சாவு நேத்து, எடுத்ததும் நேத்து. இன்னைக்கு எதுக்கு லீவு? விதி உமக்குத் தெரியாததா?" என்றார் தலைமை ஆசிரியர்.

தெரிந்ததுதான். மாலையில் மணி அடித்து, பள்ளியைப் பூட்டி, இனி மாலைகளாவது என்னுடையவை என்று வீட்டுப் பக்கம் திரும்பினேன். வாசலில் பண்ணையாள் நின்றிருந்தான்.

"சின்னவரு வரச்சொன்னாருங்க. துக்க வூட்டுக்கு வர்ற சனம் சும்மா உக்காந்திருக்குதாம். அப்பாவுக்குப் படிச்ச மாதிரியே பேப்பரைப் படிக்கணுமாம். ஏலமெல்லாம் விடாம."