மலை சுற்றும்வரை முட்டை கிடையாது

ஐம்பத்திரண்டு வயதில் என் தொப்புளுக்குக் கீழே இருக்கும் நான்கு அங்குலத்தைப் பற்றி இத்தனை பேர் அக்கறையாக விசாரிப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. பால்காரர் விசாரித்தார். மாடி வீட்டுக்காரர் விசாரித்தார். கீழ்பென்னாத்தூரில் நான் வேலை பார்க்கும் அரசு அலுவலகத்திலிருந்து வாரம் ஒருமுறை போன் வரும். என் மேசையில் இருந்த கோப்புகள் என்ன ஆயின என்று கேட்பேன். "அதெல்லாம் வெச்ச எடத்துல அப்படியே இருக்குது சார். உங்க புண்ணு?" என்பார்கள். அதுவும் வைத்த இடத்தில் அப்படியேதான் இருந்தது. இருபத்தைந்து வருஷம் அரசுப் பணியில் இருந்த உடம்பு. எதையும் அவசரப்பட்டு முடித்துவிடாது.

நோயின் பெயர் குரோன். உடம்பைக் காவல் காக்க வேண்டிய படை, சொந்தக் குடலையே திருடன் என்று நினைத்து அடித்துக்கொண்டிருக்கும். பல வருஷம் ஸ்டீராய்டு மாத்திரை போட்டு அந்தப் படையைத் தூங்க வைத்திருந்தேன். ஒருநாள் குடல் சுருங்கி அடைத்துக்கொண்டது. சென்னையில் ஒரு மருத்துவமனையில் வயிற்றைத் திறந்து, கெட்டுப்போன ஒரு சாண் குடலை வெட்டி எடுத்து, மிச்சத்தை ஒட்டுப் போட்டார்கள். உள்ளே போட்ட பெரிய தையல் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. வெளியே போட்ட சின்னத் தையல்தான் எட்டாம் நாள் சீழ் பிடித்தது. அதைப் பிரித்து, குழியை அப்படியே திறந்து வைத்தார்கள். அடியிலிருந்து சதை தானாக வளர்ந்து மேலே வர வேண்டுமாம். அதுவரை தினமும் உள்ளே துணி நாடாவைத் திணித்து, மறுநாள் உருவி, மறுபடி புதிதாகத் திணிக்க வேண்டும்.

"எத்தினி நாள் ஆகும் டாக்டர்?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஆறு வாரம். ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு, கொஞ்சம் முன்னப்பின்ன ஆகலாம். ஆனா ஒண்ணு. இந்த நோய் திரும்ப வராம இருக்க ஒரு ஊசி ஆரம்பிக்கணும். புண்ணு மூடாம அதைப் போட முடியாது. ரொம்ப நாள் போடாம விட்டா, ஒட்டுப் போட்ட எடத்துலயே நோய் மறுபடி வந்துடும்." என் பக்கம் திரும்பினார். "இன்னொரு தடவ வெட்டறதுக்கு உள்ள நிறைய இருக்குன்னு நெனச்சுக்காதீங்க."

ஆக, குழி மூடுவது முந்துகிறதா, நோய் முந்துகிறதா என்று என் வயிற்றுக்குள் ஒரு பந்தயம். பந்தயக் குதிரைக்குத் தீனி, புரதம். எனக்குப் பருப்பு ஜாஸ்தியானால் குடல் கலவரம் செய்யும். பால் ஆகாது. புரதப் பவுடரைக் கரைத்துக் குடித்த அன்று நான் குளியலறையை விட்டு வெளியே வந்ததே பெரிய காரியம். எனவே தினம் மூன்று முட்டை என்று எழுதிக் கொடுத்தார்கள். நாங்கள் கறியும் மீனும் சாப்பிட்டு வளர்ந்த விவசாயக் குடும்பம். முட்டையில் என்ன சிக்கல் வரப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

எங்கள் வீட்டுக்கு மலையின் மறுபக்கம், அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரத்தில், என் அக்கா டீக்கடை வைத்திருக்கிறாள். சிக்கல் அங்கிருந்து வந்தது.

என்னைவிட ஏழு வயது மூத்தவள். மாமா போன பிறகு ஒற்றை ஆளாகக் கடையை நடத்துகிறாள். என்னை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போன பிறகு, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணாமலையாரோடு நேரடியாகப் பேசி முடித்துவிட்டாள். எனக்கு மயக்கம் தெளிந்த மறுநாள் விவரம் சொன்னாள்.

"என் தம்பி பொழச்சு வந்தா, காலு நடையா மலை சுத்தி முடிக்கிற வரைக்கும் கவிச்சி தொடறதில்லன்னு வேண்டிக்கினேன்டா."

"யாரு தொடறதில்ல?"

"நீதான். எனக்கா ஆபரேஷன்?"

கவிச்சி என்றால் எங்கள் பக்கம் கறி, மீன், கருவாடு, முட்டை எல்லாம் சேர்த்தி. மலை சுற்றுவது என்றால் பதினாலு கிலோமீட்டர், வெறுங்காலில். வயிற்றில் குழியோடு அவ்வளவு தூரம் நடக்க முடியாது. குழி மூட முட்டை வேண்டும். முட்டை தின்ன மலை சுற்ற வேண்டும். கிரிவலப் பாதை மாதிரியே, எங்கே புறப்பட்டாலும் அதே இடத்தில் கொண்டுவந்து விடும் ஏற்பாடு.

நான் கொஞ்சம் படித்தவன். கடவுள் இருக்கிறாரா என்பதில் இரண்டு பக்க வாதத்தையும் டீ ஆறும்வரை பேசுவேன். அப்படிப்பட்டவன் வீட்டில் முட்டை வாங்குவதைத் தடுத்தது யார்? மனைவியைக் கேட்டால், "அண்ணி வேண்டிக்கினு இருக்காங்க. அவிச்சுக் குடுத்து உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரைச் சொல்லுவாங்க?" என்பாள். எனக்கும் அந்த 'ஏதாவது' என்ற சொல்லைத் தாண்டிப் போகத் துணிவு வராது. உடம்பு நன்றாக இருக்கும்போது கொள்கை வைத்துக்கொள்வது சுலபம். வயிற்றில் நாடாவோடு படுத்திருப்பவன், எதற்கு வம்பு என்று எல்லாப் பக்கமும் கும்பிடு போட்டுக்கொள்வான். இட்லியும் சுரைக்காயும் தின்று நாளை ஓட்டினேன்.

ஆறு வாரம் போனது. பத்து வாரம் போனது. குழி ஆழத்தில் மாற்றமில்லை.

ஒரு சாயங்காலம் துணிந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் அவித்த முட்டை விற்கிறவரிடம் ஒன்று வாங்கினேன். உரித்து, இரண்டாக வெட்டி, மிளகுத்தூள் போட்டு, காகிதத்தில் வைத்துக் கொடுத்தார். வாய்க்கருகே கொண்டுபோனேன். எதிரே மலை. சரி என்று திரும்பி நின்றேன். பேங்க் கண்ணாடியில் மலை. சந்துக்குள் போனேன். இரண்டு லாட்ஜுகளுக்கு நடுவே, எட்டிப் பார்க்கிற மாதிரி, அங்கேயும் ஒரு துண்டு மலை. இந்த ஊரில் மலைக்கு முதுகைக் காட்டலாம். மலைக்குத் தெரியாமல் எதையும் செய்ய முடியாது. ஒரு நாய் வந்து என் முகத்தையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தது. அதற்கு வேண்டுதல் எதுவும் இல்லை. தின்றுவிட்டுப் போனது.

தினமும் காலை பத்து மணிக்குப் பக்கத்துத் தெரு கிளினிக்கில் கட்டு மாற்றுவது ஒரு நர்ஸம்மா. நாடாவை உருவும்போது மட்டும் என்னோடு பேச மாட்டார். மற்ற நேரமெல்லாம் பேசுவார். பஞ்சு சுற்றிய குச்சியைக் குழிக்குள் விட்டு, ஆழத்தை நகத்தால் குறித்து எடுத்துக் காட்டுவார். குச்சியில் பாதி, என்றைக்கும் பாதி.

"முட்டை சாப்பிடறீங்களா சார்?"

"தினம் மூணு சிஸ்டர்."

"வெள்ளைக்கருவா, முழுசாவா?"

"முழுசா."

எழுபத்தைந்து நாள் இந்தப் பொய்யைத் தடுமாறாமல் சொன்னேன். பொய் சொல்வதில் இருந்த ஒழுங்கில் பாதியை முட்டை தின்பதில் காட்டியிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

பதினோராம் வாரக் கடைசியில் மனைவியும் கூட வந்தாள். நர்ஸ் குச்சியைக் காட்டிவிட்டு, வருத்தமாக அவளிடம் சொன்னார்: "நீங்களும் தினம் மூணு முட்டை அவிச்சுக் குடுக்கறீங்க. ஆனாலும் சதை ஏறலையே, ஏன்னே தெரியலம்மா."

"எங்க ஊட்லயா?" என்றாள் என் மனைவி.

அதற்குமேல் மறைக்க வழியில்லை. நான் வேண்டுதலைச் சொன்னேன். மலையைச் சொன்னேன். நாயைச் சொல்லவில்லை. நர்ஸ் கையுறையைக் கழற்றினார்.

"வேண்டிக்கினது யாரு?"

"அக்கா."

"நம்பர் சொல்லுங்க."

என்னைக் கட்டில்மேல் சட்டையைத் தூக்கிய நிலையிலேயே விட்டுவிட்டு, ஜன்னல் ஓரம் நின்று பேசினார். "யம்மா, உன் தம்பிக்குக் கட்டு போடற நர்ஸு பேசறேன். சாமிய நான் ஒண்ணும் சொல்லலம்மா. கேளு. புண்ணு மூடினாத்தான் ஊசி. ஊசி போட்டாத்தான் நோய் நிக்கும். இல்லன்னா திரும்ப வயித்தைத் தொறக்கணும். முட்டை துன்னாம அந்தச் சதை எங்கிருந்தும்மா வரும்? நீயே சொல்லு." பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "செரி," என்று வைத்துவிட்டார்.

"இன்னா சொன்னாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. அழுதாங்க."

என் அக்கா அழுது நான் பார்த்ததில்லை. மாமா போன அன்றைக்கும் வந்தவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தவள். மூன்று நாள் அவளிடமிருந்து போன் இல்லை. நானும் போடவில்லை. என்ன சொல்வது? உன் அன்பால்தான் நான் ஆறவில்லை என்றா?

நான்காம் நாள் பௌர்ணமி. பௌர்ணமி என்றால் அக்கா கடையில் மூச்சுவிட நேரம் இருக்காது. மாசத்துக்கே அந்த ஒருநாள் வியாபாரம்தான். காலை ஏழரைக்கு நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தெருவில் வெறுங்காலோடு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு அம்மா வந்தாள். அக்கா.

"கடை?"

"சாத்திட்டேன்."

"பௌர்ணமியிலயா?"

"வேற என்னிக்குச் சுத்தறது? அஞ்சு மணிக்குக் கடை வாசல்ல கற்பூரம் ஏத்திட்டுக் கெளம்பினேன். எல்லாரும் கோயில்ல இருந்து ஆரம்பிப்பாங்க. எனக்கு அங்கதான் ஆரம்பம், அங்கதான் முடிவு. பாதி ஆச்சு."

இருபத்தெட்டு வருஷமாக அந்தப் பாதையிலேயே இருப்பவள். லட்சம் லட்சமாக நடக்கிறவர்களுக்கு டீ கொடுத்தவள். ஒருமுறைகூட முழுசாகச் சுற்றியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உள்ள வாங்க அண்ணி," என்றாள் மனைவி.

"நடுவுல உக்கார மாட்டேன். தண்ணி மட்டும் குடு." நின்றபடியே குடித்தாள். குதிகாலில் தோல் உரிந்திருந்தது. "அண்ணாமலையாருகிட்ட பேசிட்டேன். வேண்டிக்கினது நானு, மாத்தறதும் நானு. இவனுக்குப் பதிலா நான் சுத்திட்டேன்னா இவன் துன்னலாம். இவன் நல்லாகி நடந்து முடிக்கிற வரைக்கும் நான் கவிச்சி தொட மாட்டேன். ஆச்சா? முட்டைய வேக வெச்சு வெய்யி. நான் போய்ச் சேந்துட்டு போன் பண்றேன்." என் பக்கம் திரும்பினாள். "அதுக்கு முன்னாடி வாயில வெச்ச, மவனே, தையல் போட்ட எடம்னு பாக்க மாட்டேன்."

சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. "ஆட்டோவுல போலாமேக்கா," என்று மட்டும் சொன்னேன். அவள் பார்த்த பார்வைக்கு, அந்த வாக்கியத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

மனைவி மூன்று முட்டை அவித்தாள். உரித்துத் தட்டில் வைத்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன். எட்டரை. ஒன்பது. தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்தாள். கடவுள் உண்டா இல்லையா என்ற வாதம் எதுவும் அன்று என் நினைவுக்கு வரவில்லை. வெயில் ஏறுவதும் தார் ரோடும்தான் நினைவில் இருந்தன. கருவாட்டுக் குழம்பு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையே விடியாது என்று நம்புகிறவள் அக்கா.

பத்தே காலுக்குப் போன் வந்தது. மூச்சு வாங்கியது.

"வந்துட்டேன். துன்னு."

முட்டை ஆறிப்போய், ரப்பர் மாதிரி இருந்தது. மூன்றையும் தின்றேன்.

பிறகும் ஒன்றும் மளமளவென்று நடந்துவிடவில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் நர்ஸ் குச்சியை எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை விட்டுப் பார்த்தார். "அடியில நல்லா செவப்பா புதுச்சதை வந்திருக்கு சார்," என்றார். நாடா தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையானது. ஐந்தாம் மாதம் முடியும்போது நாடாவே வேண்டாம் என்றாயிற்று. முட்டையா, ஸ்டீராய்டு உடம்பை விட்டுப் போனதா என்று டாக்டரைக் கேட்டேன். இரண்டும்தான் என்றார். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாமா என்று நான் கேட்கவில்லை. பரிசோதனை செய்து பார்த்தார்கள். நோய் இன்னும் திரும்பவில்லை. போன மாதம் முதல் ஊசி போட்டார்கள்.

நான் நடக்க ஆரம்பித்திருக்கிறேன். முதலில் தெருமுனை. அப்புறம் தண்ணீர்த் தொட்டி. பதினாலு கிலோமீட்டருக்கு இன்னும் அவசரப்படாதீர்கள் என்கிறார் டாக்டர். அக்காவிடம் சொன்னேன். பரவால்ல, மெதுவா நட என்றாள். ஆனாலும் தினம் சாயங்காலம் போன் வருகிறது.

"இன்னிக்கு எதுவரைக்கும் போன?"

"பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும்க்கா."

"அவ்ளோதானா?" என்றாள். பிறகு, "பக்கத்துக் கடையில கருவாடு வறுக்கறாங்கடா. கொஞ்சம் எட்டிப்போட்டு நட."