அத்தையின் புரோகிராமும் சொல்தா பெரியப்பாவின் அறையும்

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பிரான்சில் இருந்த பெரியப்பாவுக்காக எங்கள் வீட்டில் ஓர் அறை எப்போதும் பூட்டியே கிடக்கும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் என்பதால் தெருவில் அவரைச் சொல்தா என்பார்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வந்து ஒரு மாதம் தங்குவார். அந்த ஒரு மாதத்துக்காக, வீட்டில் காற்று வருகிற ஒரே அறையில் மெத்தை விரித்து, கொசுவலை கட்டி, பூட்டு போட்டு வைத்திருந்தார்கள். நாங்களெல்லாம் மிச்ச இடத்தில் இடித்துக்கொண்டு கிடந்தோம்.

அப்பாவின் தங்கையான என் அத்தை அப்போதுதான் எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையான மேட்டுப்பாளையத்தில் சின்னச் சின்ன மின்னணு இயந்திரங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தாள். இயந்திரம் பழுதானால், அது தனக்குள் எழுதி வைத்திருக்கும் குறிப்புகளைக் கறுப்புத் திரையில் பக்கம் பக்கமாகக் காட்டும் குட்டி புரோகிராம் ஒன்றை எழுதியிருந்தாள். ஒரு பட்டனைத் தட்டினால் அடுத்த பக்கம், இன்னொன்றைத் தட்டினால் முந்தைய பக்கம். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அந்த இயந்திரத்தில் இருந்த துளி மெமரியில் பாதியை அதுவே முழுங்கிவிடுகிறதாம். திங்கட்கிழமைக்குள் குறைக்காவிட்டால் வேலையை விட்டு நின்றுவிடச் சொல்லிவிட்டார்கள். வேலை போனால் கட்டிக்கொடுத்துவிடலாம் என்று அப்பா ஒரு மாப்பிள்ளையையே பார்த்து வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. கம்ப்யூட்டர் இருந்தது கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில். அப்பா கிரிக்கெட்டை அலற விட்டிருந்தார். அத்தை ஒரு வரி அடிப்பதற்குள் காபி கேட்பார். அவளும் எழுந்து போய்ப் போட்டுக்கொண்டு வருவாள்.

"அப்படி இன்னாதான் அத்தை அதுல அடைச்சு வச்சிருக்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் அடைக்கலடி. எவ்ளோ பெரிய ஃபைல் வந்தாலும் தாங்கணும்னு, ஆரம்பிக்கும்போதே எல்லா வரிக்கும் எடம் புடிச்சுப் போட்டுட்டேன். வர்ற ஃபைல் சின்னதா இருந்தாலும் அந்த எடத்தை வேற எதுவும் தொட முடியாது. நம்ம சொல்தா ரூம் மாதிரி."

"இப்ப இன்னா பண்ணப் போற?"

"வரிங்களை வச்சிக்கவே வேணாம். எந்தப் பக்கம் ஃபைல்ல எங்க ஆரம்பிக்குதுன்னு மட்டும் குறிச்சு வச்சிக்கிட்டா போதும். திரும்பக் கேட்டா அங்க போய்ப் படிச்சிக்கலாம்."

எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. புரோகிராமில் செய்யலாம், வீட்டில் செய்யக் கூடாதா? மத்தியானம் அப்பாவும் அம்மாவும் கதிர்காமத்தில் ஒரு காதுகுத்துக்குப் போனார்கள். அத்தை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள் சாமி படத்துக்குப் பின்னாலிருந்த சாவியை எடுத்து அறையைத் திறந்தேன். கம்ப்யூட்டரை மேசையோடு தள்ளிக்கொண்டு போய் ஜன்னலோரம் போட்டேன்.

"அடிப்பாவி! மூடுடி அதை!" என்று அத்தை பதறினாள். ஆனால் வெளியே போகவில்லை. காற்று வந்தது, சத்தமில்லை. உட்கார்ந்தவள் தலை நிமிராமல் அடித்தாள். வெகுநேரம் கழித்து ஓட்டிப் பார்த்து, "சுருங்கிப்போச்சுடி!" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்து அப்பா வந்து நின்றார். நேராகப் போய் பிளக்கைப் பிடுங்கினார்.

"அண்ணா, இன்னும் சேவ் பண்ணல," என்றாள் அத்தை.

"சொல்தா அண்ணனுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவறதுன்னு நெனச்சியா?" என்று அவளைப் பார்த்துக் கத்தினார்.

"நான்தான் தொறந்தேன்!" என்று நான் அதைவிடப் பெரிதாகக் கத்தினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அத்தை என்ன செய்தாள் தெரியுமா? மெத்தை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள்! அப்புறம் மேசையைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து, டிவி இரைச்சலில் அத்தனையையும் முதலிலிருந்து அடித்தாள்.

"வாயில்லையா உனக்கு?" என்றேன்.

"சும்மா இருடி," என்றாள்.

திங்கட்கிழமை அந்தப் புரோகிராம் இயந்திரத்தில் ஓடியது, வேலை நிலைத்தது, மாப்பிள்ளை பேச்சும் அடங்கியது. ஆனாலும் நான் அப்பாவோடு பேசவில்லை, அந்தக் கோழை அத்தையோடும் பேசவில்லை.

நான் கல்லூரியில் படிக்கும்போது பெரியப்பா போன் செய்து வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார். அப்பா சரி அண்ணா என்று மட்டும் சொன்னார். ஓர் அறையை அவருக்கு விட்டுவைத்திருக்கிறோம் என்றுதான் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். வீடே அவருடையது, ஓர் அறையை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எங்களுக்கு விட்டிருந்தார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரியவில்லை. அன்றைக்கு அப்பா பயந்துபோய்த்தான் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். புரிந்து என்ன பிரயோஜனம், இன்னும் என் ஆத்திரம் அடங்கவில்லை.