ஈனக் பாரக்ளஃப் நாடு தேர்ந்த கதை

ஈனக் பாரக்ளஃப் எதையும் அவசரப்பட்டுச் செய்தவர் அல்லர். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், எங்கள் பள்ளத்தாக்கின் கம்பளி ஆலையில், தறிகளைச் சீர்செய்வது அவருடைய பணி. செலினாவை மணந்துகொள்ளலாமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் செலினாவின் தங்கைகள் இருவருக்கும் திருமணம் ஆகிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டு வசந்தத்தில் மருத்துவர் செலினாவின் மார்பில் குழலை வைத்துக் கேட்டார்.

"காசநோய் இல்லம்மா. ஆனா இந்தப் புகையிலயும் பனியிலயும் இன்னொரு குளிர்காலம் இருந்தா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. வெதுவெதுப்பா, காய்ஞ்ச காத்து அடிக்கிற நாடாப் பாத்துப் போயிடுங்க."

அன்று மாலையே ஈனக் புறப்படச் சம்மதித்தார். தம் வாழ்நாளில் அவர் விரைந்து எடுத்த முடிவு அது ஒன்றுதான். எந்த நாட்டுக்கு என்பது மட்டுமே எஞ்சி நின்றது.

அந்தக் கோடையில் குடியேற்ற முகவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, தேவாலயக் கூடத்தில் விளக்கொளியால் திரையில் படங்கள் காட்டிப் பேசினார்கள். ஈனக் ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் வரிசையில் இருந்தார். கனடாக்காரர் ஆளுயரக் கோதுமையைக் காட்டியபோது மற்றவர்கள் நிலத்தைப் பற்றிக் கேட்டார்கள்.

"இந்தப் படத்த எந்த மாசம் எடுத்தீங்க?" என்றார் ஈனக்.

"ஆகஸ்ட்ல."

"ஜனவரியில எடுத்தது ஒண்ணு காட்டுங்களேன்."

முகவர் தம் பெட்டியை நெடுநேரம் துழாவினார். கனடா அத்துடன் முடிந்தது.

நியூசிலாந்துக்காரர் அழகிய மலை ஒன்றைக் காட்டினார். அங்கே நிலநடுக்கம் உண்டென்று கேள்விப்பட்டிருந்த ஈனக், அது ஆடாமல் நிற்குமா என்று கேட்டார். "பெரும்பாலும் நிக்கும்" என்றார் அந்த மனிதர். நேர்மையானவர், ஆனால் அந்தப் 'பெரும்பாலும்' ஈனக்கைப் பல நாள் தூங்கவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலிருந்து வந்தவரிடம் அவர் கேட்டது வேறு.

"கிறிஸ்துமஸ் புட்டிங் பலகாரத்தச் சுடச்சுட அங்க எப்ப சாப்பிடுவீங்க?"

"கிறிஸ்துமஸுக்குத்தான்."

"டிசம்பர்ல அங்க கோடையாச்சே. கொளுத்துற வெயில்லயா?"

"நிழல்ல உக்காந்து சாப்பிடுவோம், ஐயா."

ஈனக் தலையை அசைத்தார். அது 'ஆம்' என்ற அசைவன்று.

பள்ளி விடுமுறையாதலால் நான் பாடம் நடத்தப் பயன்படுத்திய உலகப்படத்தை அவருக்கு இரவல் கொடுத்திருந்தேன். அது அவர்கள் சமையலறைச் சுவரில் தொங்கியது. முடிவு செய்யும் நாட்டில் குத்துவதற்கென்று ஓர் ஊசியும் வைத்திருந்தார். ஒருநாள் படத்தைத் திரும்பப் பெறச் சென்றேன். செலினா அதன் கீழே நின்று ஓட்ஸ் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"விக்டோரியாவுல கம்பளி ஆலை இருக்குதாமே, ஈனக். காத்தும் காய்ஞ்ச காத்து."

"பாம்பும் இருக்கு."

"அது உன்னத்தான் தேடிட்டு இருக்காக்கும். நீ எந்தப் பக்கம் வருவேன்னு உனக்கே தெரியல, பாம்புக்கு எப்படித் தெரியும்?"

"சரி, நியூசிலாந்து."

"அது அங்கயே நிக்குமான்னு பாத்துட்டுச் சொல்லு."

நெடுநேரம் நின்று பார்த்த ஈனக் ஊசியை இந்துமாக்கடலின் நடுவில் குத்தினார். நான் படத்தை வாங்காமலே திரும்பினேன்.

செப்டம்பரில் முதல் மூடுபனி இறங்கியது. மாடிப்படி ஏறும்போது செலினா இப்போது இருமுறை நின்று மூச்சு வாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழிபாடு முடிந்ததும், அவர் தேவாலய மகளிர் குழுவின் தலைவி மெர்சி அக்ராய்டைத் தனியே அழைத்துப் பேசினார்.

எங்கள் பள்ளத்தாக்கில் இரண்டு நிகழ்ச்சிகளுக்குத்தான் பன்றித்தொடையை முழுதாக வேகவைத்து ஊருக்கே பரிமாறுவோம்: ஒருவர் இறந்தால், அல்லது கடல் கடந்து குடியேறினால். உரியவர் திரும்பி வரமாட்டார் என்ற நம்பிக்கையோடுதான் இரண்டிலும் உண்போம். கனடா சென்ற ஜாபெஸ் ஆக்டன் மறு வருடமே திரும்பிவிட்டான். ஊரார் உண்ட கறியை எப்போது திருப்பித் தருவான் என்று அவனை இன்றும் தெருவில் நிறுத்திக் கேட்கிறார்கள்.

"ஈனக் முடிவு பண்ணிட்டாரா?" என்று மெர்சி கேட்டார்.

"போறதுன்னு முடிவு பண்ணிட்டாரு. எங்கன்னு நான் சொல்றேன், நீங்க கறிய வேகப் போடுங்க."

அந்தச் சனிக்கிழமை ஈனக் நல்ல பசியோடு கூடத்துக்கு வந்தார். இரண்டு தட்டுக் கறியை முடித்தார். மூன்றாவதற்குக் கடுகு விழுதைத் தடவியபடி, பக்கத்தில் இருந்த ஜாபெஸிடம் கேட்டார்:

"அருமையா வெந்திருக்கு. யாருப்பா போறா?"

"நீதான்."

ஈனக் கத்தியைக் கீழே வைத்தார். மேடையில் போதகர் டார்டாஃப் ஒரு பரிசுக் கடிகாரத்தைத் துணியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். அதன் அடியில் பித்தளைத் தகட்டில், ஈனக், செலினா என்ற பெயர்களும் போகும் இடமாக விக்டோரியாவும் பொறிக்கப்பட்டிருந்தன. கைத்தட்டல் ஓய்ந்ததும் ஈனக் எழுந்தார்.

"எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆனா நான் இன்னும் முழுசா யோசிக்கல. அங்க வெயில்..."

"மூணாவது தட்டுல இருக்க, ஈனக்" என்றான் ஜாபெஸ். "என் விருந்துல நான் ரெண்டுதான் சாப்பிட்டேன். எனக்கே இந்தக் கதி."

கூடம் சிரித்தது. செலினாவும் சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறியது. மேசையைப் பிடித்துக்கொண்டு அவர் குனிந்திருந்தார். மெர்சி முதுகைத் தடவினார். கரண்டிகள் நின்றுவிட்டன. இருமல் ஓய நெடுநேரமாயிற்று. ஈனக் நின்றபடியே தம் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடை முழுதும் அவர் உலகப்படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"கப்பல் எப்போ, ஐயா?" என்று போதகரைக் கேட்டார்.

அக்டோபர் முடிவதற்குள் புறப்பட்டார்கள். ஊரே புகைவண்டி நிலையத்துக்கு வந்திருந்தது. பனி தண்டவாளம் வரை இறங்கியிருந்தது. செலினா கம்பளித் துணியால் வாயைப் பொத்தியபடி பெட்டிக்குள் அமர்ந்திருந்தார். ஈனக் சன்னல் வழியாக என் கையைக் குலுக்கினார்.

"இந்த மாதிரி விஷயத்துல அவசரப்படக் கூடாது, வாத்தியாரே. எல்லா நாட்டையும் எடைபோட்டுப் பாத்துட்டுத்தான் விக்டோரியான்னு முடிவு பண்ணேன்."

செலினா துணியைச் சற்று விலக்கினார்.

"நல்ல முடிவு, ஈனக்" என்றார். "இப்ப சன்னலச் சாத்து."