சீனாவில் நான் பார்க்காத கோயில்கள்

சுற்றுலாக் கூட்டத்தோடு போகிற சமையல்காரனுக்கு எல்லா ஊரும் ஒன்றுதான்: தண்ணீர் எங்கே வரும், அடுப்பை எங்கே வைக்கலாம், பந்தி எத்தனை மணிக்கு. யாத்திரை பஸ்ஸில் கரண்டி பிடித்த சகாக்கள் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள்.

நான் சின்னமனூர்க்காரன். காசி, பத்ரி என்று வருடத்தில் எட்டு மாதம் பஸ்ஸிலேயே கிடந்தவன். எண்பதுகளின் நடுவில் மதுரையில் ஒரு சுற்றுலாக் கம்பெனி, தேனி, போடிக் கடைவீதி முதலாளிகளைத் தென்சீனாவுக்குக் கூட்டிப்போனது. இலையில் பாம்பையும் தவளையையும் வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். கோயில், மியூசியம், பழைய கிராமம் என்று அச்சடித்த காகிதம் ஒன்றை எனக்கும் கொடுத்தார்கள். பிள்ளை குட்டி இல்லாத வீடு எங்களுடையது. தனியாகவே இருந்து பழகிப்போன என் மனைவி ராசாத்தி அந்தக் காகிதத்தை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "பாத்துட்டு வந்து ஒண்ணுவிடாமச் சொல்லணும். நானும் அங்கன போய்ட்டு வந்த மாதிரி இருக்கும்."

பெருங்காயம்

ஹாங்காங்கிலிருந்து ரயிலில் கான்டன் நகரத்தில் போய் இறங்கினோம். மற்றவர்கள் பெட்டியை மேலோட்டமாகப் பார்த்த சுங்க அதிகாரிகள் என் தகரப் பெட்டிக்கு வந்ததும் நின்றுவிட்டார்கள். புளி, மோர்மிளகாய், சுண்டைக்காய் வற்றல் எல்லாம் மேஜைமேல் ஏறின. பெருங்காயக் கட்டியை ஒரு பெண் அதிகாரி மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு முகரச் சொன்னாள். இது மருந்தா, யாருக்கு என்ன வியாதி என்று எங்கள் மொழிபெயர்ப்பாளர் வந்து கேட்டார்.

பின்னால் நின்ற போடி ஏலக்காய்க் கடை முதலாளிதான் காப்பாற்றினார். "எல்லாருக்குந்தான் வியாதின்னு சொல்லுங்க மாஸ்டர். ஒரு நா அது இல்லாட்டி இருபத்தெட்டுப் பேரும் படுத்துருவோம்."

முதல் கோயில்

மறுநாள் காலை எல்லாரும் குளித்து, விபூதி பூசி, ஒரு பெரிய புத்தர் கோயிலுக்குக் கிளம்பினார்கள். நானும் வேட்டியை மாற்றிக்கொண்டு பஸ் அருகே போய் நின்றேன். பன்னிரண்டரைக்குச் சாம்பார், ரசம், ஒரு பொரியல் என்று கம்பெனி மேனேஜர் நினைவுபடுத்தினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹோட்டல் பின்கட்டுக்குப் போனேன்.

அங்கே ஓட்டை ஓட்டையாக அச்சில் வார்த்த கரிக்கட்டி போட்டு எரிக்கிற அடுப்பு ஒன்று கொடுத்தார்கள். பற்றினால் அணைக்க முடியாது, அணைந்தால் பற்றாது. பக்கத்துக் குழாயில் ஒரு சீனத்து அம்மாள் கூடை கூடையாகக் கீரை அலசிக்கொண்டிருந்தாள். என் கறிவேப்பிலையை வாங்கிக் கசக்கிப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதோடு சரி, இரண்டு பேருக்கும் வேறு பேச்சு இல்லை. காலை ஆறிலிருந்து பந்தி வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டத்துக்கு நடுவில் வேலை செய்கிறவனுக்கு ஏது தனிமை என்று ஊரில் நினைப்பார்கள். அன்றைக்கு நான் தாளிக்கும்போது கடுகிடம் பேசினேன்.

பந்தியில் ஏலக்காய்க் கடை முதலாளியிடம், அடுத்த கோயிலுக்காவது நானும் வரட்டுமா என்று மெல்லக் கேட்டேன். இரண்டாம் தடவை சாம்பார் வாங்கிக்கொண்டே சொன்னார்: "கோயிலு எங்கிட்டும் போயிராது மாஸ்டர். சாம்பாரு ஆறிப்போகும்."

மியூசியம் வாசலில்

மியூசியத்துக்கு என்னை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டார்கள். சந்தோஷப்பட வேண்டாம். புளியோதரை அண்டா பஸ்ஸில் இருந்தது, அதற்குக் காவல் வேண்டும். இரண்டு மணி நேரம் அண்டாவும் நானும் டிரைவரும் உட்கார்ந்திருந்தோம். டிரைவர் தூங்கிவிட்டார். நான் வாசல் படிகளை எண்ணினேன், நாற்பத்தொன்று.

வெளியே வந்தவர்கள் இலையை விரிப்பதற்குள் உள்ளே என்ன இருந்தது என்று கேட்டேன். தேனி ஜவுளிக்கடை அம்மாதான் பதில் சொன்னார். மனசில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல்தான் சொன்னார். "பூராம் மண்ணு பானையும் அந்தக் காலத்து அடுப்புந்தான் மாஸ்டர். அதத்தான் நீங்க தெனமும் பாக்குறீகளே, உள்ள வந்து என்னத்தப் பாக்கப்போறீக?"

வயல்

பழைய கிராமத்தில் மட்டும் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது, ஏனென்றால் பந்தியே அங்கேதான். வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பியவர்கள் கட்டிய கோட்டை மாதிரி வீடுகள், ஒரு குளம், கரையில் ஆலமரம். எல்லாரும் வீடுகளுக்குள் ஏறிப் போனார்கள். நான் ஆலமரத்தடியில் இலை போட்டுவிட்டு நிமிர்ந்தால் எதிரே நாற்று நட உழுதுகொண்டிருந்தார்கள். எருமை, சேறு, வரப்பில் ஒரு தூக்குச்சட்டி. சின்னமனூர் தாண்டி உத்தமபாளையம் போகிற பாதையில் நின்றால் இதே சேற்று வாசனைதான் வரும். எனக்கு அழுகை வந்துவிட்டது, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

இங்கேயே கொஞ்ச நேரம் இருக்கலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்த ஏலக்காய்க் கடை முதலாளி முந்திக்கொண்டார்: "வயக்காட்டப் பாக்கவா மாஸ்டர் ஏரோப்ளேன் ஏறி வந்தோம்?"

வீட்டில் சொன்னது

ஊருக்கு வந்து சேர்ந்ததும் ராசாத்தி முறத்தில் கீரையை வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள். "ம், சொல்லுங்க" என்றாள். அவள் அப்படி உட்கார்ந்து பல வருடமாகியிருந்தது. குழாயையும் கரிக்கட்டியையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பந்தியில் காதில் விழுந்ததை வைத்து ஆரம்பித்தேன். ஆரம்பித்தபின் நிற்கவில்லை.

ஏழு நிலைக் கோபுர வாசல், முப்பதடிச் சாமி, சந்தனப் புகை. வாசலில் ஓர் ஆயா செருப்பை வாங்கிக்கொண்டு தகர டோக்கன் கொடுத்தாள், என் நம்பர் பன்னிரண்டு. வெயிலில் சுட்ட பிரகாரத்துக் கல்லில் கால் வைக்க முடியவில்லை, குதித்துக் குதித்து மூன்று சுற்று வந்தேன். ராசாத்தி சிரித்தாள். ஒரு வாரம் தினமும் கேட்டாள், நானும் தினமும் ஒரு மண்டபம் கட்டினேன். எங்கள் வீட்டில் அவ்வளவு பேச்சு அதற்கு முன் நடந்ததில்லை. கீரையை ஆய்வதை விட்டுவிட்டு ஒரு நாள் கேட்டாள்: "நம்ம சாமிதேன் வெயில்ல நடக்க விடுதுன்னு பாத்தா, அங்கனயும் அப்படித்தானா?"

தேனியில் ஒரு கல்யாணம்

ஐப்பசியில் தேனியில் ஒரு கல்யாணச் சமையல். ராசாத்தியும் காய் நறுக்க வந்திருந்தாள். விருந்துக்கு வந்த ஜவுளிக்கடை அம்மா, சீனாவில் சோறு போட்ட மாஸ்டர் என்று என்னைத் தேடி அடுப்படிக்கே வந்துவிட்டார். ராசாத்திக்குப் பெருமை தாங்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "அங்கன தரை ரொம்பச் சுட்டுச்சாமே ஆத்தா, செருப்புக்கு டோக்கனெல்லாம் குடுத்தாகளாமே" என்று கேட்டாள்.

எனக்குக் கரண்டி கையில் நின்றுவிட்டது. கோயில் என்றால் செருப்பைக் கழற்றித்தானே ஆகவேண்டும்? வேறு மாதிரியும் ஒரு கோயில் உலகத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "செருப்ப யாரு கழட்டுனா? அங்கன அம்புட்டுப் பேரும் செருப்போடதான் சாமி கும்புடுறாக. பாவம், மாஸ்டருக்கு எப்படித் தெரியும், அவரு ஒரு கோயிலுக்கும் வரலையே."

ராசாத்தி மறுபடி உட்கார்ந்து பூசணிக்காயை எடுத்தாள். ஒரே அளவாக நறுக்கிக்கொண்டே இருந்தாள். பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். வீரபாண்டி தாண்டியபிறகு ஒன்றே ஒன்று கேட்டாள், குரலில் கோபமே இல்லை. "அப்ப அந்த ஆயாவும் இல்லையா?"

கால் மணி நேரம்

அதன்பின் அவள் என்னிடம் எந்த ஊரைப் பற்றியும் கேட்கவில்லை. சோறு போடுவாள், பெட்டி கட்டித் தருவாள், பேச்சு மட்டும் இல்லை. அடுத்த வருடம் கம்பெனி மறுபடி கூப்பிட்டபோது நான் போனது ஒரே காரணத்துக்குத்தான்: ஒரு கோயிலுக்குள்ளாவது போய், பார்த்ததை அவளிடம் சொல்லவேண்டும். கோயில் நாளன்று எலுமிச்சை சாதம் கிளறி, ஹோட்டல் பின்னால் நின்ற வாழையிலிருந்து இலை அறுத்து, இருபத்தைந்து பொட்டலம் கட்டி பஸ்ஸில் ஏற்றினேன். அடுப்பு வேலை இல்லை, பரிமாறும் வேலையும் இல்லை. மேனேஜருக்கு என்னைத் தடுக்கக் காரணம் கிடைக்கவில்லை. கால் மணி நேரம் கொடுத்தார்.

மழை தூறிக்கொண்டிருந்தது. எல்லாரும் செருப்போடு உள்ளே போனார்கள். எனக்குக் கால் வரவில்லை. வாசலில் கழற்றினேன். தரையைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு பிக்கு என் செருப்பைக் காட்டி, போட்டுக்கொள் என்று சைகை செய்தார். நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். தரை சில்லென்று இருந்தது. பொன்முலாம் பூசிய மூன்று பெரிய சாமிகள், ஊதுபத்திப் புகை, முட்டி போட்டு ஒரு கிழவி. எனக்கு அங்கே என்ன சொல்லிக் கும்பிடுவது என்று தெரியவில்லை, ராசாத்தி பெயரைச் சொன்னேன். நிமிர்வதற்குள் பஸ்ஸிலிருந்து விசில் அடித்துவிட்டார்கள். பஸ் படியில் நின்ற மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன மாஸ்டர், செருப்புக்குமா சாமி காட்டப் போனீக?"

திரும்பி வந்து

இந்தத் தடவை அவள் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன். உள்ளே போனேன் என்றேன். தரை சுடவில்லை, குளிர்ந்துதான் இருந்தது என்றேன். மூன்று சாமி, புகை, கிழவி. உன் பேரைச் சொல்லிக் கும்பிட்டேன் என்றும் சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை, நான் பார்த்தது அவ்வளவுதான். ஒரு வார்த்தைகூடச் சேர்க்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ராசாத்தி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். இன்னும் வரும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. பிறகு எழுந்து அடுப்படிக்குப் போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "இம்புட்டுத்தானா? உள்ள போகாதப்ப நெறையாச் சொன்னீகளே."

இரண்டு தடவை சீனா போய்வந்தவன் என்று ஊரில் என்னைப் பற்றி இன்னும் பேச்சு உண்டு, எங்கள் வீட்டில்தான் இல்லை.