சனிக்கிழமை மட்டும் எரியாத கண்

மலாய் நாடு சுதந்திரம் அடைந்து சில வருடங்கள் கழித்துத்தான் எங்கள் பக்கம் டெலிவிஷன் வந்தது. காஜா பேராங்கில் எங்கள் வீட்டு வரிசையில் அதை முதலில் வாங்கியவர் மூன்று வீடு தள்ளியிருந்த கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. நான் அப்போது பஸ் டிரைவர். பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் போகும் முதல் பஸ்ஸை விடிவதற்கு முன்பே எடுக்க வேண்டும்.

பண்டார் ஹிலிரில் ஒரு கோப்பிக்கடையிலும் டெலிவிஷன் இருந்தது. அது பெரிய பெட்டி. உத்தரத்துக்குப் பக்கத்தில் பலகை அடித்து வைத்திருந்தார்கள். கடை விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருக்கும். அங்கே பார்த்தால் கழுத்துதான் வலிக்கும். கிராணி வீட்டுப் பெட்டி சிறியது, கண்ணாடி முன்பக்கம் புடைத்திருக்கும். சாமி மேடைக்குக் கீழே பலகையில் வைத்திருந்தார். கண்ணுக்குக் குளிர்ச்சி என்று கடைக்காரன் சொன்னதை நம்பி, கண்ணாடிமேல் மாட்டும் ஒரு நீல பிளாஸ்டிக் தாளும் வாங்கி வந்தார். அதை மாட்டியதும் செய்தி வாசிப்பவர் சீக்காளிபோல ஆகிவிட்டார்.

தினமும் ராத்திரி எங்கள் வரிசையே அங்கே கூடும். படம் தொடங்கியதும் கிராணி எல்லா விளக்கையும் அணைத்துவிடுவார். கூடத்து விளக்கு எரிந்தால் நம் முகம்தான் கண்ணாடியில் தெரிகிறது என்பார். எங்கள் யாருக்கும் அது தவறாகப் படவில்லை. சினிமாக் கொட்டகையில் பழகியவர்கள், படம் என்றால் இருட்டில்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்தோம்.

நான் கூச்சப்படுகிறவன். கூட்டம் உட்கார்ந்து விளக்கும் அணைந்த பிறகுதான் உள்ளே போவேன். அப்போது நாற்காலி இருக்காது. யாரையும் நகரச் சொல்ல வாய் வராது. பிள்ளைகளோடு தரையில், பெட்டிக்கு முன்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்துவிடுவேன்.

சில வாரங்களில் காலையில் கண்ணில் மணல் விழுந்ததுபோல் எரிய ஆரம்பித்தது. எதிரே வரும் லோரியின் விளக்கு ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகத் தெரிந்தது. ஒரு நாள் விடியற்காலையில், விளக்கில்லாத சைக்கிளில் போன ஒருவரைப் பக்கத்தில் போன பிறகுதான் பார்த்தேன். பிரேக்கை மிதித்த வேகத்தில் கண்டக்டர் முன்னால் வந்து விழுந்தான்.

"என்னாண்ணே, தூங்குறீங்களா?"

"இல்ல தம்பி. பாத்துட்டேன்லா."

"நீங்க பாக்கல. அந்தாளுதான் திரும்பி உங்களைப் பாத்துட்டுக் கத்துனாரு."

எங்கள் கம்பெனியில் நாற்பது வயது தாண்டிய டிரைவர்களைக் கண் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். என் முறை அடுத்த மாதம். போன வருடம் அதில் தவறிய ஒருவர் டிப்போவில் பஸ் கழுவிக்கொண்டிருந்தார். எனக்குப் பஸ் ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஆறாம் வகுப்போடு நின்றவன், வேறு எந்த வேலையைத் தேடிப் போவது? மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் கவனித்தேன். சனிக்கிழமை காலைகளில் கண் எரியவில்லை. சனிக்கிழமை என்றால் எனக்கு எண்ணெய்க் குளியல். அப்படியானால் உடம்புச் சூடுதான் காரணம் என்று முடிவு கட்டி, புதன்கிழமையும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தேன். வியாழக்கிழமை காலையில் எரிச்சல் அப்படியே இருந்தது. பிறகுதான் உறைத்தது: சனிக்கிழமை நான் குளிப்பது வேலை முடிந்து வந்த பிறகு. கண் நன்றாக இருப்பதோ அதற்கு முன்பே, பஸ் எடுக்கும்போதே.

அப்படியென்றால் விஷயம் வெள்ளிக்கிழமை ராத்திரியில் இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை கிராணி வீட்டில் படத்தைப் பார்க்காமல் சுற்றிலும் பார்த்தேன். சாமி மேடை பல்ப் எரிந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு மேடையை இருட்டாக்கக் கூடாது என்று கிராணியின் மனைவி கண்டிப்பாக இருந்தார். அது பெட்டிக்கு மேலே, பின்பக்கம் இருந்ததால் கண்ணாடியில் விழவில்லை. சுவரெல்லாம் மெல்லிய வெளிச்சம். மற்ற நாட்களில் கும்மிருட்டில் அந்தச் சின்னக் கண்ணாடி ஒன்றை மட்டும் முறைத்துக்கொண்டிருந்ததுதான் என் கண்ணைக் கெடுத்திருக்கிறது.

சரி, போகாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் கிராணியே வாசலுக்கு வந்துவிட்டார். "என்ன தம்பி, கோபமா? என் வீட்டுக்காரி ஏதாச்சும் சொல்லிட்டாளா?" எங்கள் வரிசையில் வராமல் இருந்தால் சண்டை என்றுதான் அர்த்தம். அவர் பின்னாலேயே போனேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. படம் தொடங்கியது. கிராணி எழுந்து மேடை பல்பின் சுவிட்சில் கை வைத்தார். அடுத்தவர் வீட்டில் விளக்கை அணைக்காதே என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்தச் சைக்கிள்காரரின் முதுகு கண்முன் வந்து நின்றது.

"அண்ணே, அந்த வெளக்கு இருக்கட்டும்."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள்.

"ஏன் தம்பி? இன்னைக்கு வெள்ளிக்கிழம இல்லையே."

மார்க்கெட்டில் காய்கறி விற்பவர் சிரித்தார். "டிரைவருக்கு இருட்டுன்னா பயம்லா. பேய் வந்தா பஸ்ஸும் இல்ல ஓடறதுக்கு!"

"கண்ணு எரியுதுண்ணே," என்றேன். "காலையில ரோடு சரியாத் தெரியல. அடுத்த மாசம் கண்ணு செக்கப். தவறிட்டா வேலை போயிரும்."

சிரிப்பு நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை பார்த்தால் மறுநாள் கண் நன்றாக இருப்பதையும் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அடுப்படி வாசலில் நின்றிருந்த கிராணியின் மனைவி, "கையை எடுங்க. எனக்கும்தான் தினம் தலைவலி. சொன்னா, படிச்சுப் படிச்சு வருதுங்கறீங்க. நான் என்னத்தப் படிச்சேன்?" என்றார்.

கிராணி கையை எடுத்துக்கொண்டார். "அப்ப அந்த நீலத் தாளு?"

"அதையும் கழட்டுங்க," என்றார் அவர் மனைவி. "பாக்கவே வயித்தைப் புரட்டுது."

காய்கறிக்காரர் தன் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, "இங்க வந்து குந்து. பிள்ளைங்களுக்கு மறைக்குது உன் தலை," என்றார்.

அன்று முதல் தூரத்தில் உட்கார்ந்து, சற்று நேரம் படம், சற்று நேரம் கூட்டம் என்று பார்த்தேன். எரிச்சல் ஒரே நாளில் போகவில்லை. மெல்ல மெல்லக் குறைந்தது. லோரிக்கு மறுபடி இரண்டு விளக்கு மட்டும் இருந்தது.

பரிசோதனைக்குப் போன நாளில் சீன டாக்டர் ஒரு கண்ணை மூடச் சொல்லி, சுவரில் இருந்த அட்டையைக் காட்டினார். மேல் வரிசைகளை நிற்காமல் சொன்னேன். கடைசிக்கு முந்தையதில் ஓர் எழுத்தில் தடுமாறினேன். கடைசி வரிசை எனக்கு எறும்புக் கூட்டம்தான். அதைத் தெரிகிறது என்று சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

"தெரியலைங்க," என்று மலாயில் சொன்னேன்.

அவர் தலையாட்டி, தாளில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். பஸ் ஓட்டலாம், அடுத்த வருடமும் வர வேண்டும் என்றார். வெளியே வந்து நிழலில் நின்று, அந்தத் தாளை இன்னொரு முறை பார்த்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். பிறகு டிப்போவுக்கு நடந்தேன். அன்று மத்தியான பஸ் எனக்குத்தான்.