மகா தண்ணீர் குடித்த நேரம்

மர்பி டவுனில் எங்கள் எதிர்வீட்டு மகா, கார்மென்ட்ஸ் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைத்துத் தைப்பவள். புருஷன் போன பிறகு அந்தத் தையலை வைத்துத்தான் மகள் ரக்ஷாவைக் காலேஜில் படிக்க வைக்கிறாள். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். அந்தக் குணத்தைப் பாராட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் வரிசையில் தைக்கும் பெண்கள் எல்லோருக்கும் சேர்த்து, கழிப்பறைக்குப் போக ஒரே ஒரு டோக்கன். போனவள் திரும்பி வந்து அதைக் கொடுத்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். சூப்பர்வைசர் மஞ்சுநாத் வாட்சைப் பார்த்தபடி நிற்பான். "சும்னே சும்னே எழுந்து போனா டார்கெட்ட யாரும்மா முடிக்கிறது?" என்று கன்னடமும் தமிழும் கலந்து கேட்பான். எதற்கு வம்பென்று பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். மகாதான் முதலில் விட்டவள்.

ஒரு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இடது கிட்னியில் கல். டாக்டர் கேரல் பொறுமையாகத்தான் சொன்னார்.

"டம்ளர் தண்ணியில சர்க்கரைய போட்டுக்கிட்டே இருந்தா, ஒரு அளவுக்கு மேல கரையாம அடியில தங்குதில்ல? அதேதாம்மா. யூரின்ல தண்ணி கம்மியா இருந்தா உப்பு கரைய எடமில்லாம கல்லா நிக்கும். சின்னதா ஒண்ணு நின்னுட்டா மத்ததும் அது மேலயே வந்து ஒட்டும். தினம் மூணு லிட்டர் குடிங்க. இல்லன்னா இந்தக் கிட்னி போயிடும்."

கல்லை எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மகா டாக்டர் சொன்னதைத் தட்டவில்லை. வேலை விட்டு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் சொம்பை எடுப்பாள். குமட்டக் குமட்டக் குடிப்பாள். படுப்பதற்குள் மூன்று லிட்டரும் முடிந்துவிடும். கம்பெனியில் மட்டும் ஒரு வாய் கிடையாது.

அடுத்த வருஷம் காய்ச்சல் விடாமல் அடிக்கிறதென்று மறுபடி போனோம். புதுக் கல் ஒன்று சத்தமில்லாமல் சிறுநீர் இறங்கும் குழாயை அடைத்திருந்தது. இடது கிட்னி செத்துப்போயிருந்தது.

"தண்ணி குடிக்கலையாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"மூணு லிட்டரும் குடிச்சேன் டாக்டர். வேலை விட்டு வந்ததும்."

"பகல்ல?"

"பகல்ல கம்பெனிக்குப் போயிடுவேனே."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சாயங்காலம் குடிச்ச தண்ணி காலைக்குள்ள வெளிய போயிடும்மா. அப்புறம் பகல் பூரா உப்பு கெட்டியாத்தான் இருக்கும். கல்லு அப்போதான் வளருது."

"எவ்ளோன்னுதானே சொன்னீங்க. எப்போன்னு சொல்லலையே டாக்டர்?"

சண்டைக்குக் கேட்கவில்லை, பாவி. சந்தேகம் கேட்கிறவள் மாதிரித்தான் கேட்டாள். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

கிட்னியை எடுத்தார்கள். மிச்சமிருக்கும் ஒன்றைக் காப்பாற்ற, பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார்கள். ரக்ஷா பெரிய பாட்டிலாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தாள். மகா மறுபடி வேலைக்குப் போன முதல் நாள் சாயங்காலம், அவள் பையில் அந்தப் பாட்டில் நிறைந்தபடியே இருந்தது.

"உனக்கென்ன பைத்தியமா? அந்த மஞ்சுநாத்கிட்ட டாக்டர் சீட்டக் காமிச்சியா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"காமிச்சேன்க்கா. தண்ணி குடிக்க வேணாம்னு யாரு சொன்னாங்க, டோக்கன்தான் ஒண்ணு இருக்குன்னான்."

"வேலைய விட்டுத் தொலைடி!"

அவள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ரக்ஷா படிச்சு முடிக்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் இந்த ஒண்ணு தாங்குமான்னு டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லுக்கா."