ஒலிபெருக்கியில் வந்த பெயர்

நான் நான்கு கழகங்களுக்கு முன்வரிசையில் ஆடியவன். இப்போது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு தெருவில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேற்றைத் திறந்து மூடுகிறேன். முழங்கால் போனதால் இப்படி ஆனது என்று ஊரில் சொல்கிறார்கள். முழங்கால் போனது உண்மை. ஆனால் எத்தனையோ பேருக்கு முழங்கால் போயிருக்கிறது. அவர்கள் எல்லாரும் கேற் திறக்கவில்லை.

பிறந்தது கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தில். கொழும்பில் தோட்டம் என்றால் மரம், செடி எதுவும் கிடையாது. ஒரே வாசலுக்குள் நாற்பது வீடு, இரண்டு தண்ணீர்க் குழாய். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். எனக்குப் படிப்பு ஏறவில்லை. வேகமாக ஓடினேன், இரண்டு காலாலும் அடித்தேன். கொட்டாஞ்சேனையிலேயே ஒரு சின்னக் கழகம் சேர்த்துக்கொண்டது. அங்கே சப்பாத்துக்கூட ஆளுக்கு ஆள் மாற்றிப் போட்டோம்.

அடுத்தது மாளிகாவத்தைக் கழகம், இரண்டு வருடம். நோன்பு மாதத்தில் பயிற்சி முடிந்து நோன்பு திறக்கும்போது கஞ்சிக் கோப்பையை முதலில் என் கையில் தருவார்கள். நான் நோன்பு பிடிக்காதவன், இந்து. கோல் அடிக்காத வாரத்திலும் தந்தார்கள். எனக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் அதுதான். அதையும் விட்டுவிட்டுப் போனேன், ஏனென்றால் அவர்களால் வேலை தர முடியாது. மூன்றாவது, நீர்கொழும்பில் ஒரு கழகம். நல்ல வேலை ஒன்று எடுத்துத் தருவோம் என்றார்கள். ஒரு வருடம் பஸ்ஸில் தொங்கிப் போனேன். வேலையும் இல்லை, எனக்குரிய இடமும் இல்லை. இடது ஓரத்தில் நிறுத்தி ஓடவிட்டார்கள்.

நான்காவதுதான் திணைக்களத்து டீம். எந்தத் திணைக்களம் என்று எழுத மாட்டேன். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டக்காரர்களைத் தற்காலிகமாக எடுப்பார்கள். மூன்று சீசன் ஒழுங்காக ஆடி முடித்தால் நிரந்தர நியமனம். திணைக்களத்துக்காக ஆடும்போது கால் உடைந்தாலும் பிரச்சினை இல்லை, ஸ்டோர்ஸில் ஒரு கதிரை போட்டு உட்காரவைத்து ஓய்வூதியம் வரைக்கும் சம்பளம் கொடுப்பார்கள். ஆனால் வெளியில் எங்கேயும் ஆடக்கூடாது. வெளியில் ஆடினால் அன்றோடு சரி.

அந்த நியமனக் கடிதம் எனக்கு வெறும் வேலை மட்டும் இல்லை. என் மனைவி வெள்ளவத்தைக்காரி, யாழ்ப்பாணத்து ஆட்கள். தகப்பன் ஓய்வுபெற்ற கிளார்க். எங்கள் பதிவுத் திருமணத்துக்கு அவர் வரவில்லை. "பந்தடிக்கிறதும் ஒரு தொழிலோ? கடிதம் வரட்டும், அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் வீட்டை வரலாம்" என்று மகளிடம் சொல்லி அனுப்பினார். நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடி அறையை வாடகைக்கு எடுத்து இருந்தோம். மூன்றாவது சீசன் தொடங்கிய வாரமே அவள் ஒரு பிளாஸ்டிக் பைல் வாங்கி வந்தாள். கடிதத்தை மடிக்காமல் வைக்க வேண்டுமாம்.

சீசனில் இரண்டு ஆட்டம்தான் மிச்சம். அந்த நேரம் பார்த்துக் கோயில் திருவிழா வந்தது.

எங்கள் பக்கத்தில் மாதா கோயில் திருவிழாவுக்கு ஏழு பேர் ஆட்டப் போட்டி வைப்பார்கள். தோட்டத்துக்கு ஒரு டீம். வெளியே போய்ப் பெரிய கழகங்களில் ஆடுகிறவன் எவனாக இருந்தாலும் அன்றைக்குத் தன் தோட்டத்துக்கு வந்து இறங்க வேண்டும், அதுதான் வழக்கம். கழகங்கள் தடை போட்டிருப்பதால் ஆட்டக்காரர் பெயர் எழுதும் தாளில் வேறு ஒருவன் பெயரை எழுதுவார்கள். நடுவருக்கும் தெரியும், பார்க்கிற சனத்துக்கும் தெரியும். ஒரு கோல்காப்பாளர் ஒரு வருடம் வரமாட்டேன் என்றுவிட்டார். தோட்டத்தில் அவரைச் சின்னப் பிள்ளை வரைக்கும் இன்றும், கந்தோர் அதிகாரியைக் கூப்பிடுகிற மாதிரி, 'சேர்' என்றுதான் கூப்பிடுகிறது. மரியாதைக்கு இல்லை.

எங்கள் டீமை நடத்துகிறவர் ஒரு ஓட்டோக்கார அண்ணன். போட்டியில் மைக் பிடிப்பவரும் அவர்தான். இறுதியாட்டத்துக்கு முந்தின நாள் எங்கள் அறைக்கு வந்தார்.

"டேய், பைனல் மட்டும். பத்து நிமிஷம் இறங்கினாப் போதும்."

"ஏலாது அண்ணே. தெரிஞ்சா கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுவானுங்க."

"யாருக்குடா தெரியப் போவுது? ஒம் பேரையா எழுதப் போறேன்? பெயின்ட் அடிக்கிற தம்பி பேர எழுதுறேன். அவனும் ஒன்ன மாதிரி கருப்புதான்."

மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "அண்ணை, அவர் வரமாட்டார். இன்னும் ரெண்டு மேட்ச்தான் இருக்கு."

"தங்கச்சி, நீங்க வெள்ளவத்த. ஒங்களுக்கு இதெல்லாம் வெளங்காது."

"எனக்கு நல்லா விளங்குது. உங்களுக்குத்தான் விளங்கேல்லை."

அண்ணன் எழுந்தார். படியில் இறங்கும்போது திரும்பிப் பார்த்து, "அப்ப வர்றேன் சேர்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குப் போனேன். மடையன்.

கிரவல் மைதானம். கரையில் உட்கார வாங்கு, வாங்குக்குப் பின்னால் சனம், மதிலில் சனம், மரத்தில் ஒலிபெருக்கி. இரண்டாம் பாதியில் இறங்கினேன். பந்து நெஞ்சுக்கு வந்தது. இறக்கி, ஒருவனைத் தாண்டி, இடது காலால் கம்பத்தின் ஓரமாக அடித்தேன். நான்கு கழகத்திலும் சேர்த்து நான் அடித்ததில் அதுதான் நல்ல கோல். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

ஒலிபெருக்கி முதலில் பெயின்ட் அடிக்கிற தம்பியின் பெயரைச் சொன்னது. பிறகு ஒரு கணம் சத்தம் இல்லை. அண்ணனால் தாங்க முடியவில்லை. அப்படி ஒரு கோலை இன்னொருவன் பெயரில் போட அவருக்கு மனம் வரவில்லை. என் சொந்தப் பெயரை, அப்பா பெயரோடு, திணைக்களத்தின் பெயரோடு முழுதாகக் கத்தினார். சனம் கத்தியது. நான் அந்தப் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினேன்.

ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி ஓடும்போது முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது. யாரும் மோதவில்லை. எனக்கே அந்தச் சத்தம் கேட்டது.

வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் எழுதுவார்கள், எங்கே விழுந்தாய் என்று கேட்பார்கள். அதனால் போகவில்லை. கீழ் வீட்டுக்காரர் முகத்துவாரத்தில் மீன் எடுத்து விற்பவர். மீன் பெட்டி ஐஸைப் பையில் கட்டித் தந்தார். அறை முழுக்க மீன் நாற்றம். மூன்றாம் நாள் வீக்கம் கொஞ்சம் இறங்கியது. நேராக நடக்க முடிந்தது, மெதுவாக ஓடவும் முடிந்தது. திரும்பினால் மட்டும் கால் கழன்றுபோகிற மாதிரி இருந்தது.

மனைவியிடம் சொன்னேன். சனிக்கிழமை திணைக்களத்துக்கு ஆட்டம் இருக்கிறது. இறங்குவேன். எவனாவது மோதினதும் விழுவேன். அது கடமையில் பட்ட காயம். ஸ்டோர்ஸில் கதிரை நிச்சயம்.

"அது பொய்தானே?"

"ஓம்."

அவள் போய்க் காலைக் கட்ட இரண்டு பண்டேஜ் வாங்கி வந்தாள்.

சனிக்கிழமை எதிரணி என் பழைய மாளிகாவத்தைக் கழகம். பயிற்சியாளர் சிங்களவர். "மல்லி, ககுல ஹரித?" என்று காலைப் பற்றிக் கேட்டார். "ஹரி சேர்", ஒன்றும் இல்லை என்றேன். இறங்கி நின்றேன். என்னைப் பிடிக்க வந்தவன் ஒரு காலத்தில் என்னோடு ஆடியவன். யாரையும் உயிரோடு விடாத தடுப்பாட்டக்காரன். இவன் போதும், முதல் பந்திலேயே காரியம் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

முதல் பந்து வந்தது. அவன் விலகி நின்றான். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்கு நானே அவன் மேல் போய் விழப் பார்த்தேன். கையால் பிடித்து நிறுத்திவிட்டான்.

"டேய், தட்டுடா ஒரு தட்டு" என்றேன்.

சிரித்தான். "ஒனக்கு வேல கன்பர்ம் ஆகப் போகுதாமே. கேள்விப்பட்டன். மிச்சம் சந்தோஷம்டா. இன்டக்கி ஒன்ன தொடவே மாட்டன், பயப்படாத."

"பைத்தியக்காரா, தட்டு!"

"போடா விசரா" என்று இன்னும் பலமாகச் சிரித்தான்.

கெட்டவன் ஒருத்தன் அன்றைக்கு என் எதிரில் நின்றிருந்தால் நான் இன்றைக்கு ஸ்டோர்ஸில் இருப்பேன் என்றுதான் நீண்ட காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். கடைசியில் அன்றைக்கும் விழத்தான் செய்தேன். மூலைக் கம்பத்துக்குப் பக்கத்தில் பந்தோடு திரும்பினேன், கால் வரவில்லை. நடிக்கத் தேவை இருக்கவில்லை. நான் கத்திய கத்தலில் அவன்தான் முதலில் ஓடி வந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டான். "நான் தொடல்ல, அல்லாஹ்க்காக, நான் தொடல்ல" என்று நடுவரிடம் அழுகிற மாதிரிச் சொன்னான். அது உண்மை.

திணைக்களமே வாகனம் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. ஸ்கேன் எடுத்தார்கள். காயத்துக்கான படிவத்தைப் பயிற்சியாளரே நிரப்பினார். இரண்டு வாரம் எல்லாம் நல்லபடியாகப் போனது. மனைவி தகப்பனுக்குப் போன் பண்ணினாள். கடிதம் வருகிறது என்றாள். தகப்பன் "சந்தோஷம்" என்றாராம். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து எவ்வளவு காலம் என்று அவள் அழுதாள்.

பிறகு விளையாட்டு அதிகாரி கூப்பிட்டார். ஊன்றுகோலோடு போனேன். மேசையில் போனை வைத்து ஒரு வீடியோவைப் போட்டார். மதிலில் இருந்து யாரோ எடுத்து, எங்கள் தோட்டத்துச் சிங்கம் என்று எழுதி, பேஸ்புக்கில் போட்டிருக்கிறார்கள். பெருமைக்குத்தான் போட்டிருக்கிறார்கள். அதுதான் எனக்கு இன்னும் பற்றி எரிகிறது. கோல் வருகிறது. ஒலிபெருக்கி வருகிறது. பிறகு நான் விழுவதும் வருகிறது.

"இது நீயா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இல்லை சேர். தாளில் வேறு பெயர் இருக்கிறது. பார்க்கலாம்."

பெயின்ட் அடிக்கிற தம்பி எங்கே வேண்டுமானாலும் வந்து சத்தியம் பண்ணத் தயாராக இருந்தான். உருவமும் கிட்டத்தட்ட ஒன்று. படம் தூரத்தில் இருந்து எடுத்தது, முகம் தெளிவில்லை. தப்பிவிடலாம் என்று நினைத்தேன்.

அதிகாரி வீடியோவைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி மறுபடி போட்டார். "மைக்கில் யார் பெயரையும் யாரும் கத்தலாம். அது சரி. முதல் பெயருக்கு இவன் திரும்பவில்லை. உன் பெயருக்கு ஏன் கை தூக்கினான்?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. தேநீர் கொண்டுவரச் சொன்னார். குடிக்காமல் வந்தேன்.

ஒரு கடிதம் வந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்று நான்கு வரி. மனைவி அதை மடிக்காமல் அந்தப் பிளாஸ்டிக் பைலில் வைத்தாள். ஏன் வைக்கிறாய் என்று கேட்டேன். "வாங்கின பைல்தானே" என்றாள்.

அறைக்கு வாடகை கட்ட முடியாமல் மாமனார் வீட்டுக்கே வந்தோம். கடிதம் இல்லாமல் நுழைய முடியாத வீட்டுக்குள், கடிதம் இல்லாமல்தான் நுழைந்தேன். அவர் என்னை ஏசுவதில்லை. ஏசினால் பரவாயில்லை. வருகிறவர்களிடம், "மருமகன். முந்திப் பந்தடிச்சவர்" என்பார், பேச்சை வேறு பக்கம் திருப்புவார். இந்தக் கேற் வேலையையும் அவர்தான் தெரிந்த ஒருவரிடம் கேட்டு வாங்கித் தந்தார்.

ஓட்டோக்கார அண்ணன் ஒரு தடவை வந்தார். நாங்கள் வென்ற கப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கேற்றுக்கு வெளியே நின்று அழுதார். "நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்டா" என்றார். கண்டபடி ஏச வேண்டும் என்று எத்தனை நாள் காத்திருந்தேன். ஏசவில்லை. அவர் கத்தினார், சரி. கையைத் தூக்கியது யார்? கப்பைத் திரும்பக் கொண்டுபோகச் சொன்னேன்.

அந்த வீடியோ என் போனில் இருக்கிறது. கேற்றில் வாகனம் வராத நேரத்தில் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் இந்தக் கை எழும்பாமல் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறேன். எழும்புகிறது. எழும்புகிற அந்த நேரம் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை நான் வெறுக்கிறேன்.

போன வாரம் சாப்பாடு கொண்டுவந்த மனைவி பின்னால் நின்று பார்த்துவிட்டாள்.

"அதை அழியுங்கோ" என்றாள்.

நாளைக்கு என்றேன். சாப்பாட்டுப் பெட்டியை வாங்கில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை.